கொண்டோர்சே பிரபு

சபையிற் கூடிக் கை தூக்குகின்றோம், எண்ணுகின்றோம், மிக்க பக்கமே சபையின் முடிவெனக் கொண்டு எழுந்து போகின்றோம். அம்முடிவு மெய்யாகவே சபையோரின் கருத்துத்தானா என்று வினவுவார் அரியர். அவ்வினாவை எழுப்பிக் கணித நூலின் துணைகொண்டு ஆராய்ந்த பெரியார் பிரான்சு தேசத்துக் கொண்டோர்சே பிரபு. அவருடைய சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1743-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் ரிபெமோன் என்னும் ஊரிற் பிறந்தார். குதிரைப்படைத் தலைவராகிய தந்தையார், மகவு தவழுமுன்னரே இறந்தார். ரேம்சு நகரில் இயேசு சபையாரிடமும், பின்னர்ப் பாரிசிலும் பயின்ற இவர், கணிதப் புலமையால் 1769-இல் விஞ்ஞானக் கழகத்தில் இடம் பெற்று, 1776-இல் அதன் நிரந்தரச் செயலாளரானார்.

1785-இல் இவர் வெளியிட்ட நூல், பெரும்பான்மையின் வன்மை மென்மை இரண்டனையும் ஒருங்கே காட்டிற்று. பத்து முறையில் ஆறு முறை சரியாகத் தீர்ப்பவர் மூவர் இருப்பின், அவர் தனித்தனியே சிந்தித்து வாக்களிக்கும்பொழுது பெரும்பான்மை ஆயிரத்தில் 648 முறை சரியாகத் தீர்க்கும். தொகை பெருகப் பெருக உறுதியும் பெருகும். இது வன்மை. இனி மென்மையைக் காண்போம். அ, இ, உ என மூவர் தேர்தலுக்கு நிற்கின்றனர். வாக்காளருள் முதல்வர் அ, இ, உ என்றும், இரண்டாமவர் இ, உ, அ என்றும், மூன்றாமவர் உ, அ, இ என்றும் வரிசைப்படுத்துகின்றனர். இருவரிருவராக ஒப்பிட்டால் அ இ-யை வெல்வார். இ உ-வை வெல்வார். உ-வோ அ-வை வென்றுவிடுவார்! வாக்காளர் ஒவ்வொருவரும் தெளிவுடையரே. கூட்டத்தின் கருத்தோ செக்குமாடுபோற் சுற்றுகின்றது.

ஏட்டளவில் நின்றாரல்லர் இவர். அடிமை முறையைக் கண்டித்தார். பெண்டிர்க்கும் வாக்குரிமை வேண்டுமென 1790-இல் எழுதினார். புரட்சிக் காலத்தில் மக்கள் பிரதிநிதியாகி, மரண தண்டனையை வெறுத்தவராதலின், 1793-இல் அரசனுக்கு அத்தண்டனை விதிக்க இசைந்திலர். தாம் வகுத்த அரசியலமைப்பைத் தள்ளிப் பிறிதொன்றை ஏற்றமையைக் கண்டித்தெழுதவே, இவரைச் சிறைப்படுத்துமாறு அதே மன்றம் அவ்வாண்டு ஜூலையில் ஆணையிட்டது. பெரும்பான்மையை ஆராய்ந்தவர் பெரும்பான்மையாலேயே வேட்டையாடப்பட்டார்!

வெர்னே என்னும் அம்மையார் தம் உயிரையும் பொருட்படுத்தாது இவரை இல்லத்தில் ஒளித்து வைத்தார். அவ்வறையிலிருந்து, மனித அறிவு மேன்மேலும் வளரும் என்னும் உறுதியோடு தம் இறுதி நூலை எழுதினார். அம்மையாருக்குத் தீங்கு வருமென அஞ்சி, 1794 மார்ச்சு மாதத்தில் வெளியேறியவர், சில நாட்களுள் பிடிபட்டுச் சிறையில் இறந்து கிடந்தார். இறந்தவாறு இன்றும் ஐயத்துக்குரியது.

இவர் கண்ட சிக்கலை 1951-இல் கென்னத் ஆரோ என்னும் அமெரிக்கர் மேலும் விரித்து, குறையே இல்லாத தேர்தல் முறை அமைத்தல் அரிதன்று, இயலாததே என நிறுவினார். பிரான்சும் 1989-இல் தன் பெரியோர் மண்டபத்தில் இவரைச் சேர்த்துப் போற்றியது.

நண்பர்காள்! தனித்துச் சிந்தியாதார் ஆயிரவர் கை தூக்கினும் அஃது ஒரு கையே. வாக்களிக்குமுன் நாம் ஒவ்வொருவரும் சிந்திப்போமாயின், அதுவே இப்பெரியாருக்கு நாம் செலுத்தும் கடனாகும்.