சாமுவேல் லாங்லி

1834-ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பிறந்த சாமுவேல் லாங்லி, வானநூல் வல்லுநராய்ப் புகழெய்தி, 1887-இல் ஸ்மித்ஸோனியன் கழகத்தின் செயலாளரானார். 1896-இல் அவர் இயற்றிய ஆளில்லாச் சிறு விமானம், நீராவியால் இயங்கி, போடோமாக் ஆற்றின்மீது அரை மைலுக்கு மேற் பறந்தது. ஸ்பெயினோடு போர் மூண்ட 1898-இல், ஆளைச் சுமக்கும் விமானமொன்று செய்தளிக்குமாறு யுத்த இலாகா அவருக்கு 50,000 டாலர் வழங்கிற்று.

இடர் எந்திரத்தில் தொடங்கியது. பால்ஸர் என்னும் வினைஞர் விரைவில் தருவதாக ஒப்பிய எந்திரம் ஆண்டுகள் கழிந்தும் தேறவில்லை. உதவியாளராகிய மான்லி அதனைத் திருத்திச் சமைத்து, 52 குதிரைவலி பெறச் செய்தார். அதற்குள் இலாகாவின் பணம் கரைந்து, கழகத்தின் நிதியும் அதன்பின் சென்றது. எந்திரத்துக்குச் செய்த முயற்சியில் ஒரு பங்கேனும் விமானத்தின் உடலுக்குச் செய்யப்பட்டதோ? சிறு விமானத்தை நான்கு மடங்கு பெருக்கினாற் போதுமென்று அவர் எண்ணியதே பெரும்பிழை என்பது எம் துணிபு.

1903 அக்டோபர் 7-இலும் டிசம்பர் 8-இலும், படகின் மேற்றளத்தினின்று ஏவப்பட்ட விமானம் ஆற்றில் வீழ்ந்தது. அதிலிருந்த மான்லி இருமுறையும் உயிர் தப்பினார். ஒன்பது நாட்களுக்குப்பின் ரைட் சகோதரர், 1,000 டாலருக்குட்பட்ட சொந்தப் பொருளைக்கொண்டு பறந்தனர். காங்கிரஸ் சபையினர் லாங்லியை எள்ளி நகையாடினர், இலாகாவும் கைவிட்டது. 1906 பிப்ரவரியில் அவர் காலமானார்.

1907 டிசம்பரில் அவ்விலாகா மீண்டும் விமானம் வேண்டியபோது, முன்பணம் கொடாது, பறந்து காட்டிய பின்னரே விலை தருவதென விதித்தது.