மேஜர் பிராங்க் ஸ்மித்

மணலி புதுநகரில் லேத்துப் பட்டறைத் தொழிலாளியாக இருந்த என் தந்தையார், புல்லட் மோட்டார் சைக்கிள் திருவொற்றியூரிலேயே பிறந்தது என்று எண்ணியிருந்தார். அவருக்காகவே இவ்வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் ராயல் என்பீல்டு நிறுவனத்தைத் தோற்றுவித்த இருவருள் ஒருவர் ஆர்.டபிள்யூ. ஸ்மித். அவருடைய மைந்தரே பிராங்க். 1932இல் புல்லட் வெளிவந்தது. மறு ஆண்டே தந்தை மறைய, பொறுப்பு முழுவதும் இவர் தோளில் விழுந்தது. இரண்டாம் உலகப் போரில் இவரது ஆலை, 'பறக்கும் தெள்ளுப்பூச்சி' எனப்பட்ட 125 சி.சி. வண்டிகளைச் செய்தது. இரும்புக் கூண்டில் வைத்துப் பாராசூட்டில் இறக்குவார்களாம்!

இந்திய இராணுவம் புல்லட்டை விரும்பியது. 1955இல் ஸ்மித்தின் நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து, என்பீல்டு இந்தியா உருவாயிற்று. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன; திருவொற்றியூரில் பூட்டினர். பிறகு அவற்றைச் செய்யும் கருவிகளே வந்து சேர்ந்தன. தொழிலையே கொடுத்த செயலல்லவா அது! விற்ற பொருள்தான், இனாமன்று. எனினும் அதனால்தான் புல்லட் பிழைத்தது.

1962இல் ஸ்மித் காலமானார். நிறுவனம் கைமாறியது. 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றது. ஆனால் 1977இல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. 1994இல் ஐஷர் நிறுவனம் ஏற்றபின், ராயல் என்பீல்டு என்ற பழைய பெயரும் திரும்பியது.

தந்தையாரின் பட்டறை சென்ற ஆண்டு மூடப்பட்டது. லேத்துகளைப் பழைய இரும்பாக எடைபோட்டு ஏற்றினர். நான் படித்ததை எல்லாம் கேட்டுவிட்டு, ரெட்டிச்சில் வேலையிழந்தவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்று மட்டும் கேட்டார்.