பாலத்துக்குப் பெயர் தந்தவர்

சென்னைக் கடற்கரைச் சாலை வழியே செல்லும் பேருந்து கூவத்தைத் தாண்டும்பொழுது பயணிகளில் பலர் மூக்கைப் பொத்திக்கொள்வது வழக்கம். நானும் அவ்வாறே செய்து வந்தவள்தான். அந்தப் பாலத்திற்கு நேப்பியர் பாலம் என்று பெயர். 2022-ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றபொழுது, பாலம் முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டினார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே அப்பா எங்களை அழைத்துச் சென்றார். நேப்பியர் என்பவர் பெரிய சதுரங்க வீரரோ என்று என் தம்பி கேட்டான். அப்பாவுக்கும் விடை தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் எங்கள் வரலாற்று ஆசிரியை சிஸ்டரிடம் இதைக் கேட்டேன். அவர் விடை கூறாமல், நீயே தேடிக் கண்டுபிடித்து ஆண்டு மலருக்குக் கட்டுரையாக எழுதித் தா என்று சொல்லிவிட்டார். அதனால் வந்ததே இக்கட்டுரை.

தேடத் தொடங்கியதும் முதலில் தலைசுற்றியது. நேப்பியர்கள் அத்தனை பேர்! 1843-இல் சிந்து நாட்டைப் போரிட்டுப் பிடித்தவர் சார்லஸ் நேப்பியர். அவர் நம்மவர் அல்லர். 1870 முதல் இந்தியப் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்தவர் ராபர்ட் நேப்பியர். அவரும் அல்லர். மாட்டுத் தீவனமாக நம் ஊர்களில் வளர்க்கும் நேப்பியர் புல்லோ ஆப்பிரிக்காவில் இருந்த வேறொரு கர்னலின் பெயரைக் கொண்டது. பாலத்துக்குப் பெயர் தந்தவர் பிரான்சிஸ் நேப்பியர். ஸ்காட்லாந்தின் மெர்க்கிஸ்டன் நேப்பியர் பிரபுக்களின் வரிசையில் பத்தாமவர். மேல்வகுப்பு அக்காமார் கணக்குப் பாடத்திற்குக் கையில் வைத்திருக்கிறார்களே மடக்கை அட்டவணை, அதற்கு அடிப்படையான மடக்கையை 1614-இல் உலகுக்குத் தந்த ஜான் நேப்பியர் இவருடைய முன்னோர்.

பிரான்சிஸ் 1819-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் தென்பகுதியில், எட்ரிக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள தெர்ல்ஸ்டேன் மாளிகையில் பிறந்தார். மலைச்சரிவும் ஆட்டு மந்தைகளும் நிறைந்த இடம் அது. தந்தை வில்லியம் ஜான் நேப்பியர் கடற்படை அதிகாரி. இளம் வயதில் டிரபால்கர் போரில் கப்பலில் இருந்தவர். 1834-இல் பிரிட்டிஷ் அரசு அவரைச் சீனாவின் கான்டன் துறைமுகத்திற்கு வாணிகக் கண்காணிப்பாளராக அனுப்பியது. அவர் தம் மனைவியையும் இரு புதல்வியரையும் உடன் அழைத்துச் சென்றார்.

அங்கே அவருக்கு நேர்ந்தது ஒரு கடிதத்தால் வந்த வினை. கான்டன் ஆளுநருக்கு அவர் சமமானவரைப் போலக் கடிதம் எழுதினார். வெளிநாட்டார் விண்ணப்பமாக, உள்ளூர் வணிகர் மூலமே எழுத வேண்டும் என்பது சீன அரசின் விதி. கடிதத்தை வாங்க மறுத்தார்கள். இவரும் விட்டுக்கொடுக்கவில்லை. சீனர் வாணிகத்தையே நிறுத்திவிட்டார்கள். இரண்டு போர்க்கப்பல்களை வரவழைத்துப் பார்த்தார், பயன் இல்லை. இதற்கிடையில் காய்ச்சல் கண்டது. மக்காவுக்குத் திரும்பிய அவர் அக்டோபர் 11-ஆம் நாள் அங்கேயே இறந்தார். அந்தச் செய்தி கப்பலேறி ஸ்காட்லாந்து வந்து சேர மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் மகன் பிரான்சிஸ், தந்தை உயிரோடு இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டு இருந்திருப்பார். தாம் ஒரு பிரபு ஆகிவிட்டதும் அவருக்குத் தெரிந்திருக்காது. அப்பொழுது அவருக்கு வயது பதினைந்து. என் வயது. இந்த இடத்தைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடிவிட்டு, அலுவலகத்திலிருந்து அப்பா வரும் நேரம் ஆயிற்றா என்று கடிகாரத்தைப் பார்த்தேன்.

பிரான்சிஸ் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் பட்டம் பெறவில்லை. அயல்நாட்டு மொழிகளைக் கற்பதிலேயே அவருக்கு நாட்டம். 1840-இல் தூதரகப் பணியில் நுழைந்தார். சொல்வதைச் சரியான முறையில் சொல்லாத குற்றத்தால் தந்தையின் பணி பாழானது. அந்தத் தந்தையின் மகன், சொல்வதைப் பக்குவமாகச் சொல்வதையே தொழிலாகக் கொண்டார் என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை. வியன்னா, டெஹ்ரான், கான்ஸ்டான்டினோபிள், நேப்பிள்ஸ் என்று ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்தார். 1845-இல் ஆன் லாக்வுட் என்னும் பெண்மணியை மணந்தார். சிசிலித் தீவு மக்கள் 1848-இல் தம் மன்னருக்கு எதிராக எழுந்தபொழுது, நேப்பிள்ஸ் தூதரகப் பொறுப்பை இவர் திறம்பட நடத்தியதாக லண்டனில் பாராட்டினார்கள். அந்தக் கலவரத்திற்கு இடையிலும் அந்நகரத்து ஓவியங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்து, 1855-இல் அதை நூலாகவும் வெளியிட்டார்.

1857-இல் அமெரிக்காவுக்குத் தூதரானார். அமெரிக்கர்களுக்கு அவரை மிகவும் பிடித்துப் போயிற்று. ஆனால் மத்திய அமெரிக்கா பற்றிய பேச்சுவார்த்தைகளில் அவர் நடந்துகொண்ட முறை லண்டனுக்குப் பிடிக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் மாற்றிவிட்டார்கள். 1859 பிப்ரவரியில் வாஷிங்டன் நகரத்து வில்லார்டு விடுதியில் அவருக்கு நடந்த வழியனுப்பு விழா அந்நகரில் நெடுநாள் பேசப்பட்டது. வேலையில் குறை கண்டு மாற்றப்படுகிறவருக்கு இத்தனை பெரிய விழாவா என்று எனக்கு வியப்புதான். பின்னர் ஹாலந்து, அடுத்து ரஷ்யா, அதன்பின் பிரஷ்யா. ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர், நிலத்தோடு கட்டுண்டு கிடந்த கோடிக்கணக்கான குடியானவர்களை 1861-இல் விடுவித்தார். நேப்பியர் அந்த நாட்டுக்குத் தூதராகச் சென்றதும் அதே ஆண்டில்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது வேண்டியிருக்கும்.

1866 மார்ச் மாதம் அவர் சென்னை மாகாணத்தின் கவர்னராக வந்திறங்கினார். அன்றைய சென்னை மாகாணம் மிகப் பெரியது. வடக்கே இன்று ஒடிசாவில் உள்ள கஞ்சம் மாவட்டம் வரை அதில் அடங்கியிருந்தது. அந்தக் கஞ்சத்தில் அப்போது கொடிய பஞ்சம். அதை ஒட்டிய ஒரிசாவில், வங்காள அரசின் ஆட்சியில், ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். கஞ்சத்தின் துயரம் புதிய கவர்னரின் முதல் வேலையாயிற்று. மழை பொய்த்தால் மனிதர் சாகவேண்டும் என்ற நிலையை மாற்ற நீர்ப்பாசனம் ஒன்றே வழி என்பது அவர் கொள்கை. பெண்ணாற்று அணைக்கட்டு அவர் காலத்தில் முடிந்தது. கஞ்சத்தில் ருஷிகுல்யா ஆற்றில் அணை வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார்.

கிரிமியப் போரின்பொழுது கான்ஸ்டான்டினோபிளில் பணியாற்றிய நேப்பியர், ஸ்கூட்டாரி மருத்துவமனையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைக் கண்டு பழகியவர். சென்னைக்கு வந்ததும் அந்தப் பழக்கம் கடிதங்களாகத் தொடர்ந்தது. நகரத் துப்புரவு, மருத்துவமனைகளுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் ஆகியவை பற்றி அம்மையார் எழுதினார். கவர்னர் கருத்தோடு கேட்டுக்கொண்டார். நாம் கைவிளக்கேந்திய காரிகை என்று படித்துவிட்டு நிறுத்திவிடுகிறோம். அவர் நம் ஊர்ச் சாக்கடைகளைப் பற்றியும் கவலைப்பட்டார் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். 1871-இல் நிறைவேறிய இரண்டு சட்டங்கள் நகரங்களிலும் மாவட்டங்களிலும் சாலை, பள்ளி, சுகாதாரம் ஆகியவற்றிற்கு உள்ளூர் நிதி திரட்ட வழிவகுத்தன. அதே ஆண்டு எடுத்த மக்கள் கணக்கில், மாகாணத்தில் மூன்று கோடிக்கு மேற்பட்டோர் இருந்தது தெரிந்தது. அந்த மூன்று கோடிப் பேரில் ஒருவர்கூட அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

கூவத்தின் மேல் 1869-இல் அவர் காலத்தில் கட்டிய பாலம் இரும்பாலானது. நாம் காணும் கான்கிரீட் வளைவுகள் பிற்காலத்தில் வந்தவை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. சிந்தாதிரிப்பேட்டையில் மே தினப் பூங்காவுக்கும் முன்பு நேப்பியர் பூங்கா என்றே பெயர்.

மதுரைக்காரியான என் அம்மாவுக்கு இக்கட்டுரையில் பிடித்த பகுதி இனி வருவது. திருமலை நாயக்கர் மகால் அந்நாளில் பெரும்பாலும் சிதைந்து கிடந்தது. அதைச் செப்பனிட ஏற்பாடு செய்தவர் நேப்பியர்தான். ராபர்ட் சிஷோம் என்னும் கட்டடக் கலைஞர் அந்தப் பணியை மேற்கொண்டார். இந்த நாட்டில் எழும் அரசுக் கட்டடங்கள் இங்கிலாந்துக் கட்டடங்களின் நகலாக இருக்க வேண்டியதில்லை, இந்த நாட்டுக் கலைமரபைத் தழுவி இருக்கலாம் என்று நேப்பியர் 1870-இல் ஒரு சொற்பொழிவில் விளக்கினார். சேப்பாக்கத்துச் செனட் மண்டபமும் திருவனந்தபுரத்து அருங்காட்சியகமும் சிஷோம் அந்தப் போக்கில் கட்டியவையே. பின்னது 1880-இல் முடிந்தது. அதற்கு இட்ட பெயர் நேப்பியர் மியூசியம்.

1872 பிப்ரவரி 8-ஆம் நாள் மாலை, அந்தமானில் வைசிராய் மேயோ பிரபுவை ஷேர் அலி என்னும் கைதி கத்தியால் குத்திக் கொன்றான். புதிய வைசிராய் வரும்வரை இடைக்காலப் பொறுப்பேற்க நேப்பியர் கல்கத்தாவுக்கு விரைந்தார். பிப்ரவரி 24 முதல் மே 3 வரை, ஏறத்தாழப் பத்து வாரங்கள், இந்தியா முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் பஞ்சாபில், மலேர்கோட்லாவில், கோவன் என்ற ஆங்கில அதிகாரி, பிடிபட்ட கூகா சீக்கியர் ஏறத்தாழ ஐம்பது பேரை விசாரணையே இல்லாமல் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டுக் கொன்றிருந்தார். ஏப்ரல் 30-ஆம் நாள் இந்திய அரசு அவரைப் பணியிலிருந்து நீக்கியது. பணிநீக்கம் மட்டும்தான், வேறு தண்டனை இல்லை. நேப்பியரின் மேல் மதிப்பு வளர்ந்துகொண்டே வந்த எனக்கு இந்த இடம் மனத்தில் முள்ளாகத் தைத்தது.

தாய்நாடு திரும்பியதும் எட்ரிக் பிரபு என்னும் பட்டமும் கிடைத்தது. லண்டன் பள்ளிக் குழுவிலும் பணியாற்றினார். ஆனால் அவருடைய வாழ்க்கையில் நான் மிகவும் விரும்பிப் படித்தது, அறுபது வயதைத் தாண்டிய பின் அவர் செய்த ஒரு வேலையைத்தான்.

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைகளிலும் தீவுகளிலும் சிறு குத்தகை உழவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தார்கள். அவர்கள் மொழி கேலிக். ஆட்டுப் பண்ணைகளுக்காக நிலக்கிழார்கள் அவர்களைக் கூட்டம் கூட்டமாக வெளியேற்றினார்கள். 1882-இல் ஸ்கை தீவில், பிரேஸ் என்னும் இடத்தில், பெண்கள் உள்பட ஊரே திரண்டு காவலரோடு மோதியது. மறு ஆண்டு அரசு ஒரு விசாரணை ஆணையத்தை அமைத்தது. தலைவர் நேப்பியர். அவரே நிலக்கிழார், உறுப்பினரிலும் நிலக்கிழார்கள் இருந்தார்கள். இவர்களா ஏழைக்கு நீதி சொல்லப் போகிறார்கள் என்று மக்கள் ஐயுற்றதில் வியப்பில்லை.

1883 மே 8-ஆம் நாள் பிரேஸில் விசாரணை தொடங்கியது. முதல் சாட்சியாக வந்த உழவர் கேலிக் மொழியில் ஒன்றே ஒன்று கேட்டார். உண்மையைச் சொன்னால் என்னை நிலத்தைவிட்டு வெளியேற்ற மாட்டார்கள் என்று உறுதி தருவீர்களா என்பதே அது. அத்தகைய உறுதியைத் தர ஆணையத்திற்கு அதிகாரம் இல்லை என்று நேப்பியர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அங்கிருந்த நிலக்கிழாரின் காரியஸ்தர், தீங்கு வராது என்று வாக்களித்த பிறகே உழவர் பேசினார். என் தாத்தா தஞ்சைப் பக்கத்தில் குத்தகைக்குப் பயிரிட்டவர். காரியஸ்தரைக் கண்டால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பி வந்த நாள்களைப் பற்றி அவர் சொல்லியிருக்கிறார். இந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டினேன். எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாத அவர், அந்த உழவரின் பெயரை இருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டார். அங்கஸ் ஸ்டுவர்ட் என்பது அந்தப் பெயர்.

ஆணையம் தீவு தீவாகச் சென்றது. 61 இடங்களில் கூடி, 775 பேரை விசாரித்து, 46,750 கேள்விகள் கேட்டது. அவர்கள் சென்ற லைவ்லி என்ற கடற்படைக் கப்பல், ஜூன் மாதம் ஸ்டோர்னவே அருகே பாறையில் மோதி அழிந்தது. நல்லவேளையாக எல்லாரும் தப்பினர், விசாரணையும் தொடர்ந்தது. 1884-இல் அறிக்கை வெளிவந்தது. ஊர்ப் பொதுநிலத்திற்கும் ஊர்ச் சமுதாயத்திற்கும் சட்ட உரிமை வேண்டும் என்று நேப்பியர் கேட்டதை அரசு ஏற்கவில்லை. மிகச் சிறிய உழவர்களுக்கு நிலத்தில் நிலைத்த உரிமை வேண்டும் என்று அறிக்கை கேட்கவில்லை. அந்த வகையில் அது குறையுடையதே. எனினும் 775 பேர் சொன்ன சொற்கள் அச்சேறிவிட்டன; இனி யாரும் தெரியாது என்று சொல்ல இயலாது. 1886-இல் வந்த சட்டம், குத்தகையைச் செலுத்தும்வரை அப்பகுதி உழவரை வெளியேற்றக் கூடாது என்றது. நியாயமான குத்தகையைத் தீர்மானிக்கத் தனி மன்றமும் ஏற்பட்டது. ரஷ்யாவில் குடியானவர் விடுதலை பெற்ற காலத்தில் அங்கிருந்த அனுபவம் இந்த வேலையில் அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்பது என் எண்ணம்.

நேப்பியர் தம் இறுதி நாள்களில் இத்தாலிக்குச் சென்றார். இளம் வயதில் ஓவியங்களைத் தேடித் தேடிப் பார்த்த அந்த நாட்டில், பிளாரன்ஸ் நகரில், 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள், தம் எழுபத்தொன்பதாம் வயதில் காலமானார்.