கோணல் விரல்கள் கொடுத்த வெளிச்சம்



ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்துக் கை காய்த்துப் போன நமக்கு ஒன்று நன்றாகத் தெரியும். பிடி சரியில்லை என்றால் வேலை சரியாக வராது. ஆனால் விரல்களெல்லாம் முறுக்கிக்கொண்ட ஒருவர், கண்ணில் கத்தி வைத்து ஒரு லட்சம் ஆபரேஷன்களுக்கு மேல் செய்தார் என்றால் நம்ப முடிகிறதா? அவர்தான் டாக்டர் கோ. வெங்கடசாமி. நம்ம காரைக்குடிப் பக்கத்திலிருந்து புரை விழுந்த கண்ணோடு மதுரைக்குப் பஸ் ஏறும் பெரியவர்கள் பலர் தேடிப் போகும் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவியவர்.

1918 அக்டோபர் 1-ல் எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து, 1944-ல் சென்னை ஸ்டான்லியில் டாக்டரானார். உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டவர் என்பதால் மகப்பேறு மருத்துவராவதே அவர் கனவு. ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கேதான் விதி விளையாடியது! மூட்டுவாதம் தாக்கி மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். 1948-ல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். எழுந்து நடந்தபோது விரல்கள் கோணிவிட்டன. பிரசவம் பார்க்க அந்தக் கை உதவாது.

மனுஷன் சோர்ந்து உட்காரவில்லை. கண் மருத்துவம் படித்தார். தன் விரலுக்கு ஏற்ற மாதிரி கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கத் திரும்பவும் பழகினார். மதுரை அரசு மருத்துவமனையில் பணியாற்றியபடியே கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தினார். 1973-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

1976-ல் 58 வயதில் ஓய்வு. மற்றவர்கள் சாய்வு நாற்காலி தேடும் வயதில், அவர் தன் குடும்பத்தாரோடு 11 படுக்கைகளுடன் அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கட்ட முடிந்தவர் கட்டுவார், முடியாதவருக்கு இலவசம். வரும் வருமானத்திலேயே இரண்டும் நடந்தாக வேண்டும். எப்படி முடியும்?

விடை ஆபரேஷன் தியேட்டருக்குள் இருக்கிறது. ஒரு டாக்டருக்கு அருகருகே இரண்டு மேஜைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே, அடுத்ததில் இன்னொரு நோயாளியை நர்ஸ்கள் தயார் செய்துவிடுவார்கள். முதல் கண் முடிந்ததும் டாக்டர் மைக்ராஸ்கோப்போடு அந்தப் பக்கம் திரும்பினால் போதும். டாக்டரின் ஒரு நிமிடமும் வீணாகாது. நர்ஸ்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள், அங்கேயே பயிற்சி பெற்றவர்கள். மருத்துவ மாணவர்கள் முகமூடி கட்டி நின்று பார்த்துக் கற்றது ஒருபுறம். இந்த வேலைமுறையைப் படிக்க மேலாண்மை மாணவர்களும் வந்தார்கள். 1993-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகமே இதைப் பாடமாக்கியது. நாம் இண்டஸ்ட்ரியல் என்ஜினியரிங்கில் மனப்பாடம் செய்யும் டைம் அண்ட் மோஷன் ஸ்டடிதானே இது!

அடுத்த தடை லென்ஸ். புரை எடுத்த கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ் வெளிநாட்டுச் சரக்கு, விலையோ எட்டாதது. ஏழைக்குச் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. அதற்காக 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் தொழிற்கூடம் பிறந்தது. லென்ஸ் விலை சரிந்தது. பல நாடுகளுக்கும் ஏற்றுமதியானது.

2006 ஜூலை 7-ல் அவர் மறைந்தார்.

அவர் டாக்டர், நாம் டிப்ளமோக்காரர்கள். இருந்தாலும் அவர் வாழ்க்கையில் நமக்கான பாடம்தான் அதிகம் என்பேன். கை வளைந்தால் கருவியை மாற்று. நேரம் போதாவிட்டால் மேஜையை மாற்றிப் போடு. பொருள் கட்டுபடியாகாவிட்டால் நீயே செய். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும்போது, நம்ம ஊரில் எந்தக் கைக்கு எந்தக் கருவி பொருந்தவில்லை என்று முதலில் பார்ப்போமே!