மே 5-ல் கொரியா முழுக்க லீவு... குழந்தைகள் தினம் கொண்டுவந்த பாங் ஜோங்-ஹ்வான் யார்?

மே 5 வந்தால் தென்கொரியாவில் அரசு விடுமுறை. பூங்கா, மிருகக்காட்சி சாலை என எங்கு பார்த்தாலும் பிள்ளைகள் கூட்டம்தான். நம்மூரில் நவம்பர் 14-க்கு லீவு கிடையாது. அங்கே நாடே லீவு விடுகிறது. இதற்குப் பின்னால் இருப்பவர் 31 வயதிலேயே இறந்துபோன ஒரு எழுத்தாளர்.

பாங் ஜோங்-ஹ்வான் 1899-ல் சியோலில் பிறந்தார். 1910-ல் கொரியாவை ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1919 மார்ச்சில் சுதந்திரப் போராட்டம் வெடித்தபோது, பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரில் அவருடைய மாமனார் சோன் பியோங்-ஹியும் ஒருவர். பாங் ரகசியமாகச் செய்தித்தாள் அச்சடித்துக் கொடுத்தார். போலீஸ் பிடித்தது, ஆதாரம் சிக்காததால் விட்டுவிட்டது.

அடுத்து அவர் படிக்கப் போனது எங்கே தெரியுமா? ஆள்பவர்களின் ஊரான டோக்கியோவுக்கே! அங்கே குழந்தைகளுக்கான கதைகளைப் படித்தார், மொழிபெயர்த்தார். 1923 மார்ச்சில் குழந்தைகளுக்காக ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் 'ஒரினி'.

இந்தப் பெயரில்தான் விஷயமே இருக்கிறது. அந்தக் காலத்தில் கொரியாவில் குழந்தைகளை அழைத்த சொற்களில் மரியாதை கிடையாது. முதியவர், இளைஞர் என்பது மாதிரி குழந்தையும் ஒரு 'ஆள்' என்று ஒலிக்கும் சொல்தான் ஒரினி. அதை ஊரெல்லாம் பேச வைத்தவர் பாங். நம்ம பாஷையில் சொன்னால், 'வாடா'வை 'வாங்க' ஆக்கிய வேலை.

1923 மே 1. சியோலில் பெரிய அளவில் குழந்தைகள் தினம். பெரியவர்கள் கையில் துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். குழந்தைகளிடம் மரியாதையாகப் பேசுங்கள், நேரத்துக்குக் குளிக்க, முடிவெட்ட விடுங்கள், தூங்கவும் விளையாடவும் நேரம் கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம். ஆனால் பாங் அன்று ஊரில் இல்லை. டோக்கியோவில் கொரிய மாணவர்களோடு 'செக்டோங்ஹ்வே' என்ற குழந்தைகள் இயக்கத்தைத் தொடங்கிக்கொண்டிருந்தார். செக்டோங் என்றால் குழந்தைகளின் பண்டிகைச் சட்டைக் கையில் வரும் பல வண்ணப் பட்டைகள்.

மேடையேறிக் கதை சொல்வதிலும் அவர் கில்லாடி. கண்காணிக்க வந்த ஜப்பானியப் போலீஸ்காரரே அழுதுவிட்டாராம், அப்படி ஒரு கதை இன்றும் உலவுகிறது. ஓய்வில்லாத உழைப்பில் உடம்பு கெட்டு, 1931 ஜூலையில் இறந்தார்.

1930-களின் கடைசியில் ஜப்பானிய அரசு கொண்டாட்டத்தையே நிறுத்தியது. விடுதலைக்குப் பிறகு 1946-ல் மே 5 அன்று மறுபடி கொண்டாடினார்கள். 1975-ல் விடுமுறை ஆனது.

இப்போது கதையில் ஒரு திருப்பம். பங்குச்சந்தைக்குப் புதுசா வந்தவரை 'ஜூரினி' என்று கொரியர்கள் கிண்டலாகச் சொல்கிறார்கள். ஒரினியின் வால்தான் அது, ஒன்றும் தெரியாதவர் என்ற அர்த்தத்தில். இது குழந்தைகளை மட்டம் தட்டுகிறது, தவிர்க்கலாமே என்று 2022-ல் அந்நாட்டுத் தேசிய மனித உரிமை ஆணையம் சொல்ல வேண்டி வந்தது.