ஹோம் தியேட்டரில் எத்தனை பேனல் மாட்டணும்? நாற்காலி மெத்தைகளைச் சுமந்து விடை கண்டுபிடித்த பேராசிரியர் சபைன்

லட்சக்கணக்கில் செலவழித்து ஹோம் தியேட்டர் போட்டாச்சு. ஆனாலும் வசனம் புரியவில்லை. பெரும்பாலும் குறை ஸ்பீக்கரில் இருக்காது, வெறும் சுவரில்தான் இருக்கும். அகௌஸ்டிக் பேனல் மாட்டுங்க என்பார் கடைக்காரர். சரி, எவ்வளவு மாட்டுவது? இதற்கு முதலில் கணக்கு போட்டுக் காட்டியவர் வாலஸ் கிளமென்ட் சபைன்.

1868-ல் அமெரிக்காவின் ஒஹாயோவில் பிறந்தவர். 18 வயதிலேயே பட்டம் வாங்கி, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆசிரியரானார். 1895-ல் அங்கே புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில் யார் பேசினாலும் ஒன்றும் புரியவில்லை. ஒரு சொல் அடங்கவே ஐந்தரை விநாடி ஆனது. அதற்குள் அடுத்த பத்து சொற்கள் வந்து மேலே விழுந்தன. சரிசெய்யும் வேலை சபைனிடம் வந்தது. அப்போது அவர் ஒலியியல் நிபுணரே இல்லை!

பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் தியேட்டரில் ஒலி அருமையாக இருந்தது. அங்கிருந்த இருக்கை மெத்தைகளை ராத்திரியோடு ராத்திரியாக ஃபாக் அரங்குக்குச் சுமந்து வந்தார். டிராம் சத்தம் ஓய்ந்த நள்ளிரவில் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, அது எப்போது அடங்குகிறது என்று காதால் கேட்டு நேரம் குறித்தார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பிப் போக வேண்டும். இப்படியே பல இரவுகள். நடுவில் இன்னொரு சிக்கல்: அவர் போட்டிருந்த உடையும் ஒலியை உறிஞ்சி அளவை மாற்றியது. பழைய அளவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரே உடையில் மறுபடி ஆரம்பித்தார்.

1898-ல் சூத்திரம் கிடைத்தது. அறையின் கன அளவை (கன மீட்டரில்) 0.161-ஆல் பெருக்கி, உள்ளே இருக்கும் மொத்த உறிஞ்சுதிறனால் வகுத்தால், ஒலி அடங்கும் நேரம் விநாடியில் வரும். ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் ஓர் அலகு. ஏனென்றால் அதன் வழியே போன ஒலி திரும்பாது. 5×4×3 மீட்டர் அறையில் 0.4 விநாடி வேண்டுமென்றால் சுமார் 24 அலகு தேவை. சோபா, கம்பளம், திரைச்சீலை, உட்கார்ந்திருக்கும் ஆட்கள் எல்லாமே இதில் சேரும். மீதிக்குத்தான் பேனல்.

மெத்தையை எங்கே வைத்தாலும் அந்த நேரம் பெரிதாக மாறவில்லை என்பதையும் சபைன் பார்த்தார். ஆனால் வீட்டின் சின்ன அறையில் வசனம் தெளிவாக வர இடமும் முக்கியம். நீங்கள் சோபாவில் உட்காருங்கள், இன்னொருவர் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்தட்டும். ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ, அங்கே பேனல். மெல்லிய ஃபோம் 'பாஸ்' ஒலியை விடாது என்று நம்ப வேண்டாம். அதற்குத் தடிமன் வேண்டும். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவதையும் பேனல் தடுக்காது.

இந்தச் சூத்திரத்தை வைத்துக் கட்டியதுதான் 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால். ஆரம்பத்தில் சில விமர்சகர்கள் குறை சொன்னார்கள். இன்று உலகின் மிகச்சிறந்த இசை அரங்குகளில் அதுவும் ஒன்று. அந்தப் பெயரைக் கேட்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. முதல் உலகப்போர் கால வேலைகளுக்கு நடுவே சிறுநீரக நோய் முற்றி, 1919 ஜனவரியில் 50 வயதில் காலமானார். உறிஞ்சுதிறனின் அலகுக்கு இப்போது 'சபைன்' என்றே பெயர்.

ஃபாக் அரங்கமோ, சுவரில் கம்பளி ஒட்டிய பிறகு பேச்சு புரியும் அளவுக்குத் தேறியது, அவ்வளவுதான். 1973-ல் அதை இடித்துவிட்டார்கள்.