காந்திகிராமம் கண்ட டாக்டர் சௌந்தரம் அம்மையார்

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் இருப்புப் பாதையில் அம்பாத்துரை என்பது ஒரு சிறிய நிலையம். கிழக்கே சிறுமலைத் தொடர் நீலநிறங் கொண்டு ஓங்கி நிற்க, அருகே கைத்தறி நெசவிற் புகழ்பெற்ற சின்னாளபட்டி விளங்குகின்றது. தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கதவு திறவாத ஆலயத்துள் தாமும் புகுவதில்லை என்று உறுதி பூண்டிருந்த காந்தியடிகள், 1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயில் அம்மக்களுக்குத் திறக்கப்பெற்ற செய்தி கேட்டு மகிழ்ந்தார். 1946 பிப்ரவரியில் அவர் மதுரைக்கு எழுந்தருளி அங்கயற்கண்ணி சந்நிதியில் வணங்கி, பழனியாண்டவரைத் தரிசிக்க இவ்வழியே புகைவண்டியிற் சென்றார். சுற்றுப்புற மக்கள் பெருந்திரளாக அம்பாத்துரையிற் கூடி வண்டியை நிறுத்தி, அண்ணலைக் கண்குளிரக் கண்டனர். அவர் திருமுகங் கண்ட அந்நிலத்திலேயே, மறு ஆண்டு, ஓர் அம்மையாரும் அவர்தம் கணவரும் ஒரு தொண்டு நிலையத்தைத் தொடங்கினர். அதுவே காந்திகிராமம். அவ்வம்மையார் டாக்டர் தி. சு. சௌந்தரம்.

அம்மையார் 1904 ஆகஸ்டு 18-ஆம் நாள் பிறந்தார். தந்தையார், மதுரையில் பேருந்துத் தொழிலைப் பெருக வளர்த்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், தாயார் லட்சுமி அம்மாள். தந்தையாரின் சொந்த ஊர் நம்பி எழுந்தருளியிருக்கும் திருக்குறுங்குடி. தாழ்ந்த குலத்தவரெனக் கருதப்பட்ட நம்பாடுவான், வாயிலுக்கு வெளியே நின்று இறைவனைக் காண விழைய, கொடிமரமே விலகி நின்று வழிவிட்டது என்பது அத்தலத்துப் பெருமை. கைசிக ஏகாதசியன்று அவ்வரலாறு ஆங்கு இன்றும் போற்றப்படுகின்றது. அம்மையாரின் பிற்கால வாழ்வை நோக்குவார்க்கு அக்கொடிமரம் நினைவுக்கு வராமற் போகாது.

செல்வத்திற் பிறந்தும் துயரம் அவரை விடவில்லை. அக்கால வழக்கப்படி சிறுமிப் பருவத்திலேயே உறவினரான சௌந்தரராஜனுக்கு மணஞ்செய்விக்கப்பெற்றார். மருத்துவராகிய அக்கணவர் இளமையிலேயே காலமானார். அந்நாளில் இளங் கைம்பெண்ணுக்கு வீட்டின் பின்கட்டே உலகம். மங்கல காரியங்களில் அவள் முகத்தில் விழிக்கவும் பிறர் அஞ்சுவர். தெய்வத்தின் பெயராலேயே இக்கொடுமை நிகழ்ந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. ஆயின் சௌந்தரம் மூலையில் ஒடுங்கவில்லை. விட்ட படிப்பைத் தொடர்ந்து, தில்லி சென்று லேடி ஹார்டிஞ்ஜ் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1936-இல், தம் முப்பத்திரண்டாம் அகவையில், மருத்துவப் பட்டம் எய்தினார். உடன் பயிலும் இளமங்கையர் பலர்க்கும் தமக்கை போன்ற வயதில் அவர் நூல்களோடு போராடியதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தில்லியிற் சுசீலா நய்யாரின் நட்பு வாய்த்தது. அதன் வழியே காந்தியடிகளின் அணுக்கமும் கிட்டிற்று. நெய்யாற்றங்கரையிற் பிறந்து, சாந்திநிகேதனத்தில் தாகூரிடம் பயின்று, அண்ணலின் பணியில் ஈடுபட்டிருந்த ஜி. இராமச்சந்திரனை அம்மையார் கண்டதும் அக்காலத்தேதான். இருவரும் மணஞ்செய்து கொள்ள விழைந்தனர். கைம்பெண் மறுமணம், அதுவும் வேறு குலத்தவரோடு. பெற்றோர் எளிதில் இசையக்கூடியதன்று. அடிகளோ உடனே வாழ்த்திவிடவில்லை. ஓராண்டுக் காலம் ஒருவரையொருவர் காணாதும் கடிதம் வரையாதும் இருந்து, அதன் பின்னும் உள்ளம் மாறாதிருப்பின் வருக என்று பணித்தார். உள்ளம் மாறவில்லை. 1940 நவம்பர் 7-ஆம் நாள் சேவாகிராமத்தில் அடிகள் முன்னிலையில் திருமணம் இனிது நிறைவேறிற்று.

1944-இல் கஸ்தூரிபா அம்மையார் ஆகாகான் மாளிகையிற் சிறைக்காவலில் உயிர் நீத்தார். அவர் நினைவாக நாடு திரட்டிய நிதி, கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே உரியது என்று வரையறுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதன் பிரதிநிதியாக அடிகள் தேர்ந்தது சௌந்தரம் அம்மையாரை. நகரிலே மருத்துவத் தொழில் நடத்திப் பெரும்பொருள் ஈட்டியிருக்கக் கூடியவர், மருத்துவர் முகமே காணாத சிற்றூர்களை நோக்கித் திரும்பினார். மகப்பேற்றில் தாயும் சேயும் மடிவது விதியென்று ஊரார் ஆறுதல் கொண்டிருந்த காலம் அது.

1947-இல் காந்திகிராமம் தோன்றிற்று. அதற்கு நிலம் ஈந்தோர் சின்னாளபட்டிப் பெருமக்கள். ஆலயத் திருப்பணிக்கு மனமுவந்து கொடுக்கும் கைகளே அங்கும் கொடுத்தன. முளைப்பாரி எடுக்கும் ஊர், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வித்திட்டது. கையாற் செய்து கற்கும் ஆதாரக் கல்விப் பள்ளி ஒருபுறம் எழுந்தது. ஆசிரியப் பயிற்சியும், கிராம சேவகியர்க்குப் பயிற்சியும் உடன் வளர்ந்தன. சின்னஞ்சிறு மகப்பேற்று நிலையமாகத் தொடங்கியது கஸ்தூரிபா மருத்துவமனையாகப் பெருகிற்று. 1956-இல் கிராமியக் கல்வி நிலையம் நிறுவப்பெற்றது. அது 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்து இன்றும் நடைபெறுகின்றது. பட்டம் பெற்றோர் பட்டணத்துக்கு ஓடாது கிராமத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதே அதன் கருத்து. அக்கருத்து முழுதும் ஈடேறியது எனக் கூறுதல் இயலாது. எனினும் அவ்வாறு திரும்பியவர் பலர்.

அரசியலையும் அம்மையார் இப்பணிக்கு ஒரு கருவியாகவே கொண்டார். 1952-இல் ஆத்தூரிலிருந்தும், 1957-இல் வேடசந்தூரிலிருந்தும் சட்டமன்றத்துக்கும், 1962-இல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பெற்று, மத்திய அரசிற் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். அவ்வாண்டே பத்மபூஷண் விருது பெற்றார். 1967-இல் மீண்டும் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். தோற்றவர்க்குச் செல்லுமிடம் தேட வேண்டியிருக்கவில்லை. சிறுமலை அடிவாரத்தில் வேலை காத்திருந்தது.

அவர் பணிகளுள் தலையாயதாகக் கருதத்தக்கது, கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக ஏற்பட்ட இல்லம். தாயைப் பிரசவத்தில் இழந்ததும், பெற்றோரால் துறக்கப்பட்டதுமான சிசுக்கள் ஆங்குத் தொட்டிலிடப்பட்டு, பாலூட்டி வளர்க்கப்பெற்று, கல்வியும் பெற்றன. குலமும் கோத்திரமும் கேட்டறியும் வழக்கம் அங்கில்லை. கேட்டாற் சொல்லவும் ஆளில்லை.

1984 அக்டோபர் 21-ஆம் நாள் அம்மையார் இறைவனடி சேர்ந்தார். 2005-இல் மத்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. சௌபாக்கியம் என்னும் சொல் சுமங்கலிகளுக்கே உரியதென்று உலகம் வழங்கி வந்தது. இளமையில் அச்சொல்லை இழந்தவளென்று ஊராரால் ஒதுக்கப்பட்டிருக்கக் கூடியவர் அவர். அக்குழந்தைகளின் இல்லத்துக்கு வழங்கும் பெயர் சௌபாக்கிய இல்லம்.